பழைய காசு, பழைய அட்டை: மார்க் போடுறது யாரு?

கொஞ்சம் நீளமான பதிவுங்க. டீ போட்டு வச்சுக்கிட்டே படிங்க. மருத்துவப் பதிவு இல்லை. ஆனா நம்ம ஏரியாவுல சில பேர் பணத்தைக் காப்பாத்தும்னு நம்பி எழுதுறேன்.

ஒரு அட்டைத் துண்டு. நாம ஆடுற சீட்டுக்கட்டுல இருக்கிற சீட்டு அளவுதான். முன்பக்கம் நீல நிற ஓரம், நடுவுல ஒரு பையன் ஹாக்கி மட்டையோட நிக்கிறான். பனித்தரையில ஆடுற ஐஸ் ஹாக்கி. பையன் பேரு வெய்ன் கிரெட்ஸ்கி. 1979-ல் கனடாவின் லண்டன் நகரத்துல (ஆமாங்க, ஒன்டாரியோ மாகாணத்துலயும் ஒரு லண்டன் இருக்கு) ஓ-பீ-சீ என்ற சூயிங்கம் கம்பெனி அச்சடிச்சது. சூயிங்கம் வாங்கினா அட்டை கிடைக்கும். சின்னப் பசங்க சில்லறைக் காசுக்கு வாங்கினது.

2021 மே மாதம் அந்த அட்டை ஒன்று கைமாறிய விலை 37.5 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 27 கோடி ரூபாய்.

பழசு, அரிதானது, அதனால விலைன்னு நினைப்பீங்க. அப்படி இல்லை. அதே கிரெட்ஸ்கி அட்டை ஆயிரக்கணக்குல இன்னைக்கும் உலகத்துல இருக்கு. இந்த ஒண்ணுக்கு மட்டும் ஏன் 27 கோடின்னா, அது ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள சீல் வைக்கப்பட்டு, மேல "10" என்று எழுதியிருந்தது. விற்ற சமயத்துல அந்தப் பத்துக்குப் பத்து மார்க் வாங்கின அட்டை மொத்தமே ரெண்டுதான்.

ஏன் ரெண்டே ரெண்டு? அந்தக் கம்பெனி பெரிய தாளை கம்பியால அறுத்து அட்டை போட்டது. ஓரமெல்லாம் பிசிறு பிசிறா வரும். படம் நடுவுல உட்காராம ஒரு பக்கமா இழுத்திருக்கும். நீல ஓரத்துல கொஞ்சம் உரசினாலும் வெள்ளை தெரிஞ்சுடும். இதையெல்லாம் தாண்டி வந்த அட்டையும் ஒரு பையன் கைக்குத்தானே போகும்? நீங்க 90-கள்ல பள்ளிக்கூடம் போனவரா இருந்தா டபிள்யூ டபிள்யூ எஃப் சீட்டை என்ன பண்ணினீங்கன்னு நினைச்சுப் பாருங்க. ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிக் கட்டி டவுசர் பாக்கெட்டுல திணிச்சு வச்சோம். மூலையெல்லாம் மழுங்கிப் போச்சு. உலகம் பூரா பசங்க ஒரே மாதிரிதான்.

ஒன்பது வாங்கின அட்டைக்கும் பத்து வாங்கின அட்டைக்கும் நடுவுல நம்ம கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. விலையில மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

அப்ப கேள்வி இதுதான். அந்தப் பத்தைப் போட்டது யாரு? அவரை ஏன் நம்பணும்?

இந்தக் கேள்வி அமெரிக்காவுல பிறந்தது இல்லைங்க. நம்ம ஊர்ல ரெண்டாயிரம் வருஷப் பழசு.

சங்க இலக்கியத்துல புலவர்கள் பேரைப் பாருங்க. வடமவண்ணக்கன் தாமோதரனார். வடமவண்ணக்கன் பேரிசாத்தனார். புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான். இந்த "வண்ணக்கன்" என்பது தொழில் பேரு. நாணயத்தையும் பொன்னையும் சோதிச்சு, தரம் சொல்லுறவர். கூலம் விக்கிறவர், அறுவை (அந்தக் காலத்துல துணிக்கு அதுதான் பேரு) விக்கிறவர், மருத்துவர் எல்லாம் கவிதை எழுதின சமூகத்துல நாணயச் சோதகரும் எழுதியிருக்கார். சந்தையில வாங்குறவனும் விக்கிறவனும் ஒருத்தரை ஒருத்தர் நம்பாதபோது மூணாவதா ஒருத்தர் தேவைப்பட்டிருக்கார்.

ஏன் தேவைப்பட்டார்னு நம்ம கொங்குப் பக்கமே காட்டும். நொய்யல் கரையில கொடுமணல், பெருமாநல்லூர்ல இருந்து எட்டிப்பிடிக்கிற தூரம். கல்மணி செஞ்சு ஏற்றுமதி பண்ணின ஊரு. மேற்கே கோயமுத்தூர் பக்கத்துல வெள்ளலூர். அங்க 1842-ல் ஒரே புதையல்ல 500-க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைச்சது. அகஸ்டஸ், டைபீரியஸ் தலை பொறிச்சது. பனியனுக்கு முன்னாடியே எக்ஸ்போர்ட் பண்ணின பூமிதான் இது!

அந்த ரோமானியக் காசை வாங்கின நம்ம ஆளுக்கு லத்தீன் தெரியுமா? அகஸ்டஸ் யாருன்னு தெரியுமா? அவனுக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான்: உள்ள வெள்ளி இருக்கா, எவ்வளவு இருக்கு? ரோமானியக் காசு மாதிரியே இங்கயே செஞ்ச நகல்களும் தென்னிந்தியாவுல கிடைச்சிருக்கு. அதனால சோதிச்சே வாங்கினாங்க. புதுக்கோட்டைப் பக்கம் 1898-ல் கிடைச்ச ரோமானியத் தங்கக் காசுகள்ல பெரும்பாலானதுல ராஜா முகத்துல உளியால ஒரு வெட்டு இருக்கு. ஏன் வெட்டினாங்கன்னு அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறாங்க. இது இனிமே காசா சுத்த வேண்டாம், வெறும் பொன்னா இருக்கட்டும்னு வெட்டினதா ஒரு கருத்து. யோசிச்சுப் பாருங்க, இன்னைக்கு அந்த வெட்டோட ஒரு காசு மார்க் போடுற கம்பெனிக்குப் போனா "சேதம்"னு எழுதித் திருப்பி அனுப்பிடுவான். ஆனா ஒரு வரலாற்று மாணவனுக்கு அந்த வெட்டுதான் காசை விடப் பெரிசு.

அப்புறம் சோழர் காலம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுல ராஜராஜன் கொடுத்த நகைகளுக்கு எடை சொல்லும்போது எந்த எடைக்கல்லால நிறுத்தோம்னு பேரோட எழுதி வச்சான். ஆடவல்லான் என்ற கல். பொன்னின் மாற்றுக்கு தண்டவாணின்னு ஒரு தர அளவு. கோயிலுக்குக் கொடுக்கிற பொன்னுக்கே "எந்த அளவுப்படி"ன்னு எழுதி வைக்கிற ஒழுங்கு. இன்னைக்கு நம்ம லேப் ரிப்போர்ட்டுல "நார்மல் ரேஞ்ச்" எழுதுற மாதிரி.

அதுக்கப்புறம் முகலாயர், நாயக்கர், கம்பெனிக் காலத்துல அந்த வேலையைச் செஞ்சவங்க சராப்புகள். காசைக் கல்லுல தட்டி ஓசை கேட்பாங்க, உரைகல்லுல தேய்ப்பாங்க, சின்னதா ஒரு முத்திரை குத்துவாங்க. பழைய வெள்ளிக் காசுகள்ல இந்தச் சின்னச் சின்னக் குத்துகளைப் பார்க்கலாம். புது ரூபாய்க்கு முழு மதிப்பு, கொஞ்ச வருஷம் ஆன ரூபாய்க்கு கழிவு. எவ்வளவு கழிவுன்னு சராப்பு சொல்லுறதுதான். ஒரு விஷயம் மட்டும் கவனிங்க: கழிவு சொல்லுறதும் அவர்தான், மாத்திக் கொடுத்து லாபம் பார்க்கிறதும் அவர்தான். சண்டைக்குக் கேட்கணுமா?

1835-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுசுக்கும் ஒரே ரூபாய் கொண்டு வந்தது. 11.66 கிராம் எடை, பன்னிரண்டுல பதினொரு பங்கு வெள்ளி, எந்திரத்துல அடிச்சது, ஓரத்துல சுரண்டினா தெரியுற மாதிரி வரிப்பல். காசு எல்லாம் ஒரே மாதிரி வந்ததும் சராப்புக்கு வேலை குறைஞ்சது. வண்ணக்கன் பரம்பரையே அத்தோட முடிஞ்சதுன்னு நினைச்சா, ஒரு நூறு வருஷம் கழிச்சு வேற வாசல் வழியா உள்ள வந்துட்டார். செலவு பண்ண காசைச் சோதிக்க இல்லை, சேர்த்து வைக்கிற காசைச் சோதிக்க.

இங்க ஒரு டாக்டர் வர்றார். அதனாலதான் இந்தக் கதை எனக்குப் பிடிச்சதே.

வில்லியம் ஷெல்டன், 1898-ல் பிறந்த அமெரிக்கர். எம்.டி. படிச்சவர், உளவியலாளர். ஜிம் போறவங்க "நான் எக்டோமார்ஃப் ப்ரோ, எனக்கு உடம்பு ஏறாது"ன்னு சொல்லுவாங்களே, அந்த எக்டோமார்ஃப், மீஸோமார்ஃப், எண்டோமார்ஃப் வகைப்பாட்டைப் பிரபலப்படுத்தினது இவர்தான். ஒவ்வொரு உடம்புக்கும் ஒவ்வொரு வகையிலயும் 1 முதல் 7 வரை மார்க். உடம்பைப் பார்த்தே குணத்தைச் சொல்லிடலாம்னு நம்பினார். அதுக்காக அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள்ல மாணவர்களை ஆடையில்லாம நிக்க வச்சுப் படம் எடுத்துச் சேர்த்தார். உடம்பு வாகை வச்சுக் குணம் சொல்லுறது இன்னைக்கு அறிவியல்ல செல்லாக்காசு.

ஆனா அவர் போட்ட இன்னொரு மார்க் இன்னும் உயிரோட இருக்கு. ஷெல்டனுக்கு அமெரிக்காவின் பழைய செம்புக் காசுகள் மேல பைத்தியம். 1949-ல் அதைப் பத்தி ஒரு புத்தகம் போட்டார். அதுல காசுக்கு 1 முதல் 70 வரை மார்க். அடையாளமே தெரியாம தேஞ்சது 1. அச்சுல இருந்து எடுத்த மாதிரி இருந்தா 70. தேஞ்சது ஒரு டாலர்னா, முழுசா இருக்கிறது 70 டாலர்னு விலையையும் அதுலயே கட்டினார். அந்த விலைக்கணக்கு சீக்கிரமே பொய்யாப் போச்சு. ஆனா அந்த 70-ஐ 1970-கள்ல அமெரிக்க நாணய உலகம் எல்லாக் காசுக்கும் எடுத்துக்கிச்சு. இன்னைக்கு மும்பையிலயோ பெங்களூர்லயோ நடக்கிற நாணய ஏலத்துல பெட்டி போட்ட விக்டோரியா ரூபாய்ல "64"னு இருந்தா, அது ஷெல்டன் டாக்டர் போட்ட கோடு.

சரி, அந்தக் கோடு போட்டவர் யோக்கியரா?

1977-ல் அவர் இறந்தப்புறம் தெரிய வந்தது. நியூயார்க்ல இருக்கிற அமெரிக்க நாணயவியல் கழகத்தோட சேகரிப்பைப் பார்க்கப் போன ஷெல்டன், அங்க இருந்த நல்ல காசுகளை எடுத்துட்டு, தன்கிட்ட இருந்த மட்டமான காசுகளை அந்த இடத்துல வச்சுட்டு வந்திருக்கார். ஒண்ணு ரெண்டு இல்லை, நூத்துக்கும் மேல. அதைத் திரும்ப வாங்க அந்தக் கழகம் 1990-கள்ல கலிபோர்னியா கோர்ட் வரைக்கும் போச்சு. எது 50, எது 60-ன்னு உலகத்துக்கே சொல்லிக் கொடுத்தவருக்கு, எதைத் திருடணும்னு நல்லாவே தெரிஞ்சிருக்கு!

இதே காலத்துல இன்னொரு டாக்டரும் ஒரு மார்க் முறை கண்டுபிடிச்சாங்க. வர்ஜீனியா அப்கார். பிறந்த குழந்தைக்கு ஒரு நிமிஷத்துல பத்துக்கு எத்தனைன்னு நாங்க போடுறது அவங்க முறைதான், 1953-ல் வெளியானது. உங்க குழந்தையோட டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்க, இருக்கும். அப்கார் ஒரு விஷயத்துல கறாரா இருந்தாங்க. பிரசவம் பார்த்தவரே மார்க் போடக் கூடாது, பக்கத்துல நிக்கிற வேற ஒருத்தர் போடணும். ஏன்னா தான் பார்த்த பிரசவத்துக்குத் தானே மார்க் போட்டா தாராளமாத்தான் போடத் தோணும். கெட்ட எண்ணம் எதுவும் வேண்டியதில்லை, மனுஷ மனசு அப்படி.

பழைய பொருள் வியாபாரத்துல இந்தப் பாடம் வர 1980-கள் வரை ஆச்சு. அதுவரைக்கும் காசை விக்கிற கடைக்காரரே "இது 65"ன்னு சொல்லி விப்பார். அதையே நீங்க திருப்பிக் கொண்டு போனா "தம்பி, இது 60 தாங்க தேறும்"பார். சராப்பு கதையேதான். வெறுத்துப்போன வியாபாரிகள் சிலரே சேர்ந்து 1986-ல் பி.சி.ஜி.எஸ். நிறுவனத்துல மார்க் போட ஆரம்பிச்சாங்க. விக்கிறதும் வாங்குறதும் இல்லாம மார்க் மட்டும் போடுற இடம். காசைப் பார்த்து, எண் கொடுத்து, திறந்தா தெரிஞ்சுடுற பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள சீல் வச்சுத் தருவாங்க. அடுத்த வருஷம் என்.ஜி.சி. வந்தது. 1991-ல் முதல் நிறுவனத்தோட ஆளுங்களே விளையாட்டு அட்டைக்குன்னு பி.எஸ்.ஏ. ஆரம்பிச்சாங்க. கிரெட்ஸ்கி அட்டைக்குப் பத்து போட்டது அவங்கதான்.

திருப்பூர்க்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நம்ம பீஸை நாமே செக் பண்ணி "எல்லாம் ஃபர்ஸ்ட் குவாலிட்டி"ன்னு சொன்னா வெளிநாட்டு பையர் கேட்கிறானா? மூணாவது ஆளை அனுப்புறான். அவன் கார்ட்டனைப் பிரிச்சு, ஊசி ஓட்டை, ஷேடு மாற்றம், தையல் விட்டது எல்லாம் எண்ணி பாஸா ஃபெயிலான்னு எழுதுறான். ஃபெயிலானா அதே பனியன் காதர்பேட்டைக்கு வேற விலைக்குப் போகும். துணி அதேதான், மாறினது அந்தத் தாள்ல இருக்கிற ஒரு வார்த்தை.

அந்த இன்ஸ்பெக்ஷன் ஆளுங்களும் மனுஷங்கதான்னு உங்களுக்குத் தெரியும். நான் மேல சொல்ல வேண்டியதில்லை.

பெட்டிக் கதையும் அப்படித்தான். பி.எஸ்.ஏ. முதன்முதலா மார்க் போட்ட அட்டையே அதுக்குச் சாட்சி. ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரோட அட்டை. 1909 வாக்குல சிகரெட் பாக்கெட்டோட வந்தது, ரொம்ப ரொம்ப அரிது. 1991-ல் அதை 4,51,000 டாலர் கொடுத்து ஏலத்துல எடுத்தது யாரு தெரியுமா? நம்ம கிரெட்ஸ்கியேதான், கூட்டாளி ஒருத்தரோட சேர்ந்து. 80 வருஷப் பழைய அட்டை, ஓரமெல்லாம் கத்தி மாதிரி. பத்துக்கு 8 கொடுத்தாங்க. 2007-ல் 28 லட்சம் டாலருக்குப் போச்சு.

2013-ல் பில் மாஸ்ட்ரோன்னு ஒரு பெரிய ஏலக்காரர் வேற மோசடி வழக்குல மாட்டி, கோர்ட்ல குற்றத்தை ஒத்துக்கிட்டார். அதுல ஒண்ணு: அந்த வாக்னர் அட்டையோட ஓரத்தைத் தான்தான் வெட்டி நேராக்கினேன், வெட்டினதை மறைச்சுத்தான் வித்தேன். 2015-ல் 20 மாச ஜெயில் தண்டனை. வெட்டின அட்டைக்கு அந்த நிறுவனத்தோட விதிப்படி மார்க்கே கிடையாது. அந்த மார்க் போடுற நிறுவனத்தோட முதல் பெட்டியே தப்பு.

சேகரிக்கிறவங்க நடுவுல இன்னொரு பழக்கமும் உண்டு. 64 வாங்கின காசைப் பெட்டியை உடைச்சு வெளிய எடுத்து, மறுபடி அனுப்புறது. இந்தத் தடவை 65 வந்தா லாபம். ஒரே காசு, ரெண்டு நாள், ரெண்டு மார்க். எனக்கு இதுல ஆச்சரியமே இல்லை. ஒரே எக்ஸ்ரேயை ரெண்டு பேர்கிட்ட காட்டுங்க, எல்லைக்கோட்டுல இருக்கிற கேஸ்ல ரெண்டு கருத்து வரும். எல்லைக்கோட்டுல ஒரு எண்ணுக்குப் பல லட்சம்னு விலை வச்சதுதான் பைத்தியக்காரத்தனம். போதாததுக்குப் பெட்டியையே போலியா செஞ்சு, லேபிளையும் போலியா அடிச்சு விக்கிற கும்பலும் வந்தாச்சு.

அப்ப பெட்டியே வேண்டாமான்னா, அப்படியும் சொல்ல மாட்டேன். பெட்டி ஒரு லேப் ரிப்போர்ட். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து மருந்து எழுத முடியாது, ரிப்போர்ட்டே இல்லாமலும் எழுத முடியாது. அந்தத் துறையிலயே ஊறின வியாபாரி ஒருத்தர் வேணும். நல்ல வியாபாரியை எப்படிக் கண்டுபிடிக்கிறது? என் அனுபவத்துல (வெள்ளி ரூபாய் கொஞ்சம் சேர்க்கிறேன், பெரிசா ஒண்ணுமில்லை) அவர் காசோட குறையை முதல்ல சொல்லுவார். "ஓரத்துல ஒரு தட்டு வாங்கியிருக்கு டாக்டர், மோதிரத்துல இருந்து கழட்டினதா இருக்கலாம், பார்த்துக்குங்க"ம்பார். ரெண்டு பக்கமும் படம் அனுப்புவார், பில் போடுவார், பிடிக்கலேன்னா எத்தனை நாளுக்குள்ள திருப்பலாம்னு எழுதித் தருவார். பெட்டியில இருக்கிற எண்ணை அந்த நிறுவனத்தோட தளத்துல போட்டுப் பார்க்கச் சொல்லுவார். அங்க இருக்கிற படமும் கையில இருக்கிற காசும் ஒண்ணான்னு தழும்பு தழும்பா ஒப்பிடணும். 1939-ஆம் வருஷ வெள்ளி ரூபாய் அரிதுன்னு கேள்விப்பட்டு ஆசைப்பட்டேன். "அதைப் பெட்டி இல்லாம யார்கிட்டயும் வாங்காதீங்க, என்கிட்டயும்தான்"னார் அவர். பக்கத்து வருஷத்துக் காசுல கடைசி எண்ணைச் செதுக்கி மாத்தின போலி நிறைய. என்கிட்டயும் வாங்காதேன்னு சொல்லுற ஆள்கிட்டதான் நான் இன்னைக்கும் வாங்குறேன்.

பெட்டியால பிடிக்கவே முடியாத மதிப்பு ஒண்ணு இருக்கு. அதுக்குத் தமிழ்நாட்டுக் கதையே சொல்றேன்.

சங்ககால மன்னர்கள் சொந்தமா காசு அடிச்சாங்களான்னு ரொம்ப நாள் அறிஞர்களுக்கே சந்தேகம். 1980-கள்ல தினமலர் ஆசிரியர் ஆர். கிருஷ்ணமூர்த்தி, மதுரையில ஒரு வியாபாரிகிட்ட பழைய செம்புக் காசுகள் வாங்கினார். சதுரமா, கறுத்து, களிம்பு ஏறி, மார்க் போட்டா ஒற்றை இலக்கம்கூடத் தேறாதது. பொறுமையா சுத்தம் பண்ணிப் பார்த்தா, ஒரு காசுல குதிரை, அதுக்கு மேல தமிழ்-பிராமி எழுத்து: பெருவழுதி. பாண்டிய மன்னன் பேரு! சங்ககாலப் பாண்டியன் பேரோட கிடைச்ச காசு. அப்புறம் கரூர் அமராவதி ஆத்து மணல்ல இருந்து வியாபாரிகள் கைக்கு வந்த சேரர் காசுகள்: மாக்கோதை, குட்டுவன் கோதை, கொல்லிப்புறை. மாக்கோதை காசுல ரோமானிய பாணியில ஒரு சேரனோட முகமே இருக்கு. கரூர் நம்மகிட்ட இருந்து எவ்வளவு தூரம்? தமிழர் நாணய வரலாறே அதுக்கப்புறம் திருத்தி எழுதப்பட்டது. கிருஷ்ணமூர்த்தி 2021-ல் காலமானார்.

அந்தக் காசை 70 மார்க் கண்ணாடி போட்டுப் பார்த்தா குப்பைத்தொட்டிதான். பழைய பாத்திரம், பழைய செம்புன்னு எடைக்குப் போயிருக்க வேண்டியது. போகாம நின்னதுக்குக் காரணம், கையில எடுத்த வியாபாரிக்கு "இது வெறும் செம்பு இல்லை"ன்னு தோணினதும், வாங்கினவருக்குப் படிக்கத் தெரிஞ்சதும்தான். ஆனா இதுல ஒரு இழப்பும் இருக்கு. வியாபாரி வழியா வர்ற காசு எந்த மண்ணடுக்குல, எதோட கூட கிடந்ததுங்கிறது போயிடும். கொடுமணல்ல அகழாய்வுக் குழியில கிடைக்கிற ஒரு பானை ஓட்டுக்கு இருக்கிற சாட்சி பலம் அந்தக் காசுக்கு இருக்காது. ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

இப்ப நம்ம ஊருக்கு வர்றேன். இந்தப் பதிவு எழுதினதே இதுக்குத்தான்.

போன குண்டம் திருவிழா சமயத்துல ஓ.பி.க்கு ஒரு அக்கா வந்தாங்க. பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. ரொம்ப நாளா பி.பி. கட்டுக்குள்ள இருந்தவங்களுக்கு திடீர்னு எகிறியிருக்கு. மாத்திரை ஒழுங்கா போடுறீங்களான்னு கேட்டா, "மாத்திரைக்குக் காசு இல்லீங் டாக்டர்னு சொல்ல முடியாது, இங்க சும்மாதானே தர்றீங்க. தூக்கந்தானுங் வரல"ன்னாங்க. கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்தது.

அவங்ககிட்ட வைஷ்ணோதேவி படம் போட்ட அஞ்சு ரூபாய் காசு ஒண்ணு இருந்திருக்கு. அந்தக் காசுக்குப் பத்து லட்சம்னு போன்ல ஒரு வீடியோ. கீழ இருந்த நம்பருக்குக் கூப்பிட்டா, முதல்ல 999 ரூபாய் பதிவுக் கட்டணம். அப்புறம் ஜி.எஸ்.டி. அப்புறம் "ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம்", முத்திரை போட்ட கடிதம் வாட்ஸ்அப்ல வந்திருக்கு. மொத்தம் இருபத்தி மூணாயிரம். மகளோட காலேஜ் ஃபீஸுக்கு வச்சிருந்தது. புருஷன்கிட்ட சொல்லலை. இன்னும் ஒரு பத்தாயிரம் கட்டினா பணம் வந்துடும்னு அன்னைக்கும் நம்பிக்கிட்டுதான் இருந்தாங்க.

அந்த அக்கா வேலையே துணியில குறை கண்டுபிடிக்கிறதுங்க. ஒரு நாளைக்கு எத்தனை நூறு பீஸ் அவங்க கண்ணுக்குத் தப்பாம போகும்! ஏமாந்தவங்களைப் பார்த்து "பேராசை"ன்னு கமெண்ட் போடுறவங்களுக்காக இதைச் சொல்றேன். கிரெட்ஸ்கி அட்டைக்கு 27 கோடின்னு நானே இப்பத்தான் எழுதினேன், அது நிஜம். உலகத்துல ஒரு அட்டைத் துண்டு 27 கோடிக்குப் போகும்போது, தன் காசு பத்து லட்சத்துக்குப் போகாதுன்னு அவங்க எதை வச்சு முடிவு பண்ணுவாங்க? நடுவுல இருக்கிற இந்தக் கதை முழுசும் யாரும் அவங்களுக்குச் சொல்லலை. அதுதான் ஓட்டை. அந்த ஓட்டை வழியாத்தான் திருடன் வர்றான்.

அதனால தெளிவா. வைஷ்ணோதேவி காசு 2012-ல் வெளியானது, ஏராளமா அடிச்சது, புழக்கத்துல இருந்தது. டிராக்டர் படம் போட்ட அஞ்சு ரூபாய் நோட்டும் அப்படியே. அதுல எதுவும் லட்சத்துக்குப் போகாது. ரிசர்வ் வங்கி பழைய காசு, நோட்டு வாங்கி விக்கிற வேலையே பார்க்கிறதில்லை, அதுக்குக் கட்டணமோ கமிஷனோ கேட்கிறதும் இல்லைன்னு 2021 ஆகஸ்ட்ல அவங்களே அறிவிச்சாங்க. நிஜமான வியாபாரி உங்க காசை வாங்கணும்னா உங்களுக்குத்தான் பணம் கொடுப்பார். விக்கிற ஆள் முன்கூட்டியே பணம் கட்டுற வியாபாரம் இந்தத் தொழில்ல கிடையாது.

அனுமன், ராமர் பட்டாபிஷேகம் பொறிச்சு "1818 கிழக்கிந்தியக் கம்பெனி"ன்னு போட்ட செம்புக் காசு ஒண்ணு சுத்துது. அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்குன்னு கோடிக்கணக்குல பேசுவாங்க. அப்படி ஒரு காசைக் கம்பெனி அடிக்கவே இல்லை. அரிசியை இழுக்கிற உலோகமும் இல்லை. இதுல வீடு வித்தவங்க கொங்கு மண்டலத்துல உண்டு.

உங்க தாத்தா பெட்டியில நிஜமாவே பழைய காசு இருந்தா: தயவுசெஞ்சு புளி போட்டு விளக்காதீங்க. எலுமிச்சை, பீதாம்பரி, பல்பொடி எதுவும் வேண்டாம். பளபளன்னு ஆனதும் பாதி மதிப்பு போயிடும், மார்க் போடுற நிறுவனம் "சுத்தம் செய்யப்பட்டது"ன்னு எழுதி எண்ணே தராது. வழவழப்பான பிளாஸ்டிக் உறையிலயும் போடாதீங்க, சில வகை பிளாஸ்டிக் நாளடைவுல காசுல பச்சையா பிசுபிசுன்னு ஏறும். காகித உறை போதும். உறை மேல யார் வச்சிருந்தது, எந்த ஊர்னு பென்சிலால எழுதுங்க.

100 வருஷத்துக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் வருஷச் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, மார்க் வாங்கவும்தான். வாணம் தோண்டும்போதோ தோட்டத்துல உழும்போதோ காசுப் பானை கிடைச்சா 1878-ஆம் வருஷப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தகவல் சொல்லணும், உங்க வி.ஏ.ஓ. கிட்ட ஆரம்பிங்க. கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் என்ன பங்குன்னும் அதே சட்டத்துல இருக்கு, பயப்படாதீங்க.

பணம் கட்டி ஏமாந்திருந்தா வெட்கப்பட்டு ராத்திரி முழுக்க முழிச்சிருக்காம உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவுல நிறுத்த வாய்ப்பு உண்டு. அந்த அக்காவுக்கு நாள் தள்ளிப்போச்சு, புகார் மட்டும் பதிவாகியிருக்கு. அடுத்த பத்தாயிரத்தைக் கட்டலை. பி.பி. இப்ப 140/90-க்குக் கீழ இருக்கு.

வீட்டுக் காசைப் படம் எடுத்து இன்பாக்ஸ்ல அனுப்பி "டாக்டர், இது எவ்வளவு போகும்"னு கேட்கிறவங்களுக்கு: எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன், ரெண்டு பக்கமும் எடுத்து அனுப்புங்க. ஓ.பி. நேரத்துல மட்டும் வேண்டாம்.

— அரசு மருத்துவர், பெருமாநல்லூர்